கை நனைக்காத பந்தி

எம். புதுப்பட்டியை விட்டு வள்ளித்தாய் போனது ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலையில். பட்டாசு ஆலை வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் நேரம். ஒரு பையும் ஒரு கட்டைப்பையுமாகப் பேருந்துக்கு நின்றவளைப் பார்த்து, வேனின் முன்சீட்டிலிருந்து போர்மேன் உக்கிரபாண்டி தலையை வெளியே நீட்டினார்.

"என்ன வள்ளி, திருப்பூருக்கா? அங்கனயும் போயி யாரு சோத்துச் சட்டியவும் கவுத்துறாத."

"நான் எங்கண்ணே கவுத்தேன்? ஒங்க மொதலாளி சட்டி நெறஞ்சபடிக்கேதான வீடு திரும்புச்சு" என்றாள் வள்ளித்தாய்.

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. ஆனால் சிரித்தது வள்ளித்தாயின் காதில் விழுந்துவிட்டது. அது போதும் என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறியதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

அவள் எங்கள் தெருக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒத்துவராமல் தாய்வீட்டுக்கே திரும்பி, பலவேசம் முதலாளியின் பட்டாசு ஆலையில் திரி வைக்கும் வேலைக்குப் போனவள். தங்கை செல்வலட்சுமியை அவள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் முடித்த தங்கையும் அதே ஆலைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை பேசி நிச்சயமாகியிருந்தது.

சித்திரை மாதம் செல்வலட்சுமி வேலைபார்த்த அறை வெடித்தது. அவள் அங்கேயே இறந்துபோனாள்.

ஏன் வெடித்தது என்பது அந்த வேனில் போய்வந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். வெடிமருந்தை அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே செலுத்தி முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்த மருந்து எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது செல்வலட்சுமி வேனில் வைத்தே சொன்னாள்.

"மிச்ச மருந்த மூடி வைக்கச் சொல்லிட்டாருக்கா போர்மேன். ஆர்டர் அவசரமாம். காலையில மொதல்ல அதத்தான் எடுக்கணுமாம்."

ஆனால் விபத்து நடந்த அன்று சாயங்காலமே தொலைக்காட்சியில் வேறு செய்தி ஓடியது. தடையை மீறிச் செல்போனை உள்ளே கொண்டுபோய்ப் பேசிக்கொண்டிருந்த பெண் தொழிலாளியால் விபத்து. பலவேசம் முதலாளி போலீசில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். தொழிலாளியின் தப்பு என்றால் மூடிய ஆலை சீக்கிரம் திறக்கும்.

செல்வலட்சுமியின் போன் உள்ளே போகவே இல்லை. எல்லாருடைய போனையும் போல அதுவும் வாசலில் வாட்ச்மேன் சோணைமுத்துவின் டப்பாவில் கிடந்தது. வெடித்து ஒரு மணி நேரம் கழித்து வள்ளித்தாய் வாசலுக்கு வந்தபோது அந்த டப்பாவுக்குள் அது அடித்துக்கொண்டிருந்தது. சோணைமுத்துதான் எடுத்துக் கொடுத்தார். அழைத்தது சாத்தூர் மாப்பிள்ளை. செய்தி கேள்விப்பட்டு, அவள் குரலைக் கேட்டால் போதும் என்று அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். மறுநாள் சோணைமுத்துவுக்கு வேறொரு ஆலையில் நல்ல வேலை கிடைத்தது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை.

இழப்பீட்டுப் பணம் சொன்னபடி வந்தது. அதில் வள்ளித்தாய்க்கு ஒரு குறையும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏத்தா, எவன்கூடப் பேசிக்கிட்டு இருந்தாளாம் ஒந் தங்கச்சி?"

அந்தக் கேள்விதான் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தது.

ஆலை திறந்த அன்று வேன் வந்து ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குவாளியோடு தெருமுனை வரைக்கும் வந்தார்கள். யாரும் ஏறவில்லை. மறுநாளும் அப்படியே. தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். வேலைக்கு வரமாட்டோம் என்றில்லை, வருவதற்குத் தயாராகத்தான் நிற்கிறோம் என்று காட்டுவதற்காக. அது வள்ளித்தாயின் யோசனை. சங்கக்காரர்கள் வந்து கூலி உயர்வு, பாதுகாப்பு உடை என்று கோரிக்கைகளை எழுதினார்கள். வள்ளித்தாய் தன் கோரிக்கை ஒன்றையும் சேர்க்கச் சொன்னாள். அதை எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பலவேசம் முதலாளி தானே காரில் வந்தார். கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். கோயில் குளம் என்று அள்ளிக் கொடுப்பவர்.

"ஏம்மா, என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுதான் மொதலாளி" என்றாள் வள்ளித்தாய். "எந் தங்கச்சி போனை உள்ள கொண்டு போனது நெசம்னா, இருக்கன்குடியில ஆத்தா முன்னாடி சூடத்த அணைச்சுச் சொல்லுங்க. பொய்னா பொய்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

"கோர்ட்டே கேக்காதத நீ கேக்கியோ?"

"கோர்ட்டுக்கு நீங்க பயப்பட மாட்டீக. அதான் இங்கன கேக்கேன்."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் மாரியம்மன் சும்மா விடமாட்டாள் என்பதில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வேறுபாடு இல்லை. பலவேசம் காரில் ஏறினார். ஏறும்போது அவர் முகம் போன போக்கைக் கற்பகவல்லி பார்த்தாள். திரி வைக்கும் அறையில் வள்ளித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்பவள் அவள். "எக்கா, சூடம்னதும் மனுசன் வெளக்கெண்ண குடிச்ச மாதிரி ஆயிட்டாரே" என்றாள்.

வேலைநிறுத்தம் தோற்றது. வேறு ஊர்களிலிருந்து ஆள் ஏற்றி வந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் காலம், வீடுகளில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. கூலியைக் கூட்டித் தருகிறோம் என்றதும் பெண்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். வள்ளித்தாய்க்கு மட்டும் இடமில்லை என்றார் உக்கிரபாண்டி. கற்பகவல்லி அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அழாதடி" என்றாள் வள்ளித்தாய். "வயித்துக்குப் போறீக. போங்க. கூலி ஒங்க வேர்வைக்கு. ஆனா அவன் வீட்டுச் சோத்துல மட்டும் கை நனைக்காதீக."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் பசியாறுவது மட்டும் இல்லை. உன் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்று சொல்வது. வருத்தம் இருந்தால் கல்யாண வீட்டிலும் மொய் எழுதிவிட்டுப் பட்டினியாக வந்துவிடுவார்கள். கற்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் அன்னதானம் போடுவது பலவேசம் குடும்பத்துக்கு அப்பா காலத்து வழக்கம். முதல் பந்தி ஆலைப் பெண்களுக்கு. முதலாளியும் அவர் மனைவி பொன்னுத்தங்கமும் தங்கள் கையால் பரிமாறுவார்கள். அந்தப் பெண்கள் வயிறு குளிர்ந்தால்தான் தீபாவளிச் சரக்கு பழுதில்லாமல் போகும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கப்புறம்தான் பாதயாத்திரை வந்தவர்கள் உட்காருவார்கள்.

அன்று இலை போட்டாயிற்று. பெண்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் பலவேசம்.

"பசிக்கல மொதலாளி" என்றாள் கற்பகவல்லி.

"நான் வெரதம்" என்றாள் இன்னொருத்தி.

"ஏட்டி, வரும்போது வேன்ல முட்டைப் போண்டாவ முழுங்குனவளா வெரதம்?" என்றார் உக்கிரபாண்டி. ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்துப் பந்தல்களில் மற்ற ஆலை முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுத்தங்கம் கரண்டியோடு முன்னால் வந்தார்.

"சாமி சோறும்மா இது. வேண்டாங்கலாமா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வள்ளித்தாய் வந்தாள். கையில் தட்டு, தட்டில் சூடம்.

"சாமி சோறுதான் தாயி. சாமியும் இந்தா பக்கத்துலதான் இருக்கா. ஒங்க வீட்டுக்காரர ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. மொத இலையில நானே உக்காருதேன்."

அவள் சூடத்தைக் கொளுத்தினாள். பலவேசத்தின் கை லேசாக முன்னே வந்ததாகவும், உடனே வேட்டிக்குள் மறைந்ததாகவும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சூடம் எரிந்து தானாகவே அணைந்தது. அவர் கார் நின்ற பக்கமாக நடந்தார். என்ன விஷயம் என்று கேட்ட பாதயாத்திரைக்காரர்களுக்குப் பெண்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவர்களும் அடுத்த பந்தலுக்குப் போய்விட்டார்கள். அண்டா அண்டாவாகச் சோறு அப்படியே திரும்பியது.

மறுநாள் காலையில்தான் வள்ளித்தாய் ஊரை விட்டுப் போனாள். வேலைநிறுத்தத்தின்போதே அவள் படம் முதலாளிமார்களின் வாட்ஸப்பில் சுற்றிவிட்டது. எந்த ஆலையும் சேர்க்கவில்லை. திருத்தங்கல் அச்சாபீஸ்களிலும் இல்லை என்றுவிட்டார்கள்.

நான் அப்போது வெளிநாட்டில் வேலையாக இருந்தேன். திரும்பி வந்ததும் அவளைத் தேடித் திருப்பூர் போனேன். பனியன் கம்பெனிக்குப் பின்னாலிருந்த அவள் அறையில், சிகாகோவில் பார்த்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ரொட்டி ஆலை வாசலில் பனியில் வட்டமாக நடந்துகொண்டிருந்தவர்கள், அவர்கள் தாத்தாக்களும் அதே வாசலில் நின்றவர்களாம், சங்கத்து வண்டியில் வந்த சூடான காப்பி.

"காப்பி வந்துச்சா?" என்றாள். "எங்களுக்கும் அப்படி ஒரு வண்டி வந்திருந்தா ஒருத்தியும் வேன்ல ஏறியிருக்க மாட்டா."

"இன்னுமா கோபம், அக்கா?"

"கோவமா? காலையில பல்லு வெளக்கும்போதே அவன் மூஞ்சியத்தான் நெனைக்கேன். அவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம். நொடிஞ்சு போக வேண்டாம். எந் தங்கச்சி பேர அம்புட்டுப் பேரு முன்னாடி நாறடிச்சான்ல, அதே மாதிரி அம்புட்டுப் பேரு முன்னாடி நாக்கு கொளற நிக்கணும். அதுவரைக்கும் அவன் போடுற எலை காஞ்சு போகட்டும்."

அடுத்த ஆடியிலும் இலை காய்ந்தது. வள்ளித்தாய் அங்கு இல்லாமலேயே. இலை காய்ந்தால் தீபாவளிச் சரக்கு பழுதாகும் என்ற பயம் பலவேசத்தைப் பிடித்துக்கொண்டதாக ஊரில் சொன்னார்கள். அதற்கடுத்த ஆடியில், கடைசி வெள்ளி மதியம், அவள் தையல் மிஷினில் இருந்தபோது கற்பகவல்லியின் குரல் செய்தி வந்தது. வள்ளித்தாய் சாயங்காலம் அதை எனக்கு அனுப்பினாள். பின்னால் கொட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலுமாக இருந்தது.

"எக்கா, மொதலாளி சொல்லிட்டாரு. மைக்கப் பிடிச்சுச் சொல்லிட்டாரு. செல்வலட்சுமி போன் கொண்டு போகல, பளைய மருந்துதான் வெடிச்சது, போர்மேன்ட்ட வைக்கச் சொன்னது நாந்தான்னுட்டாரு. சூடத்தவும் அணைச்சாரு. கை பொத்துப் போச்சு. உக்கிரபாண்டி மூஞ்சிய நீ பாத்திருக்கணும். சாத்தூருப் பையனும் கூட்டத்துல நின்னான்க்கா, அளுதான். பொறவு எலை போட்டாக. சொல்லிட்டா சாப்புடணும்னுதான நீயும் சொல்லிருந்த, உக்காந்தோம். அந்தப் பொத்துப்போன கையாலதான் அவரு சோறு வச்சாரு. எனக்குக் கை போகலக்கா. பக்கத்துல பாத்தேன், ஒருத்திக்கும் போகல. எலைய மடக்கிட்டு எந்திரிச்சுட்டோம். தப்பாக்கா? வேன்ல ஏறப் போறோம், பொறவு கூப்புடுதேன்."