பிரண்டை வேலிக்கு நான் எழுதிய கம்ப்ளைன்ட்

எங்கள் டவுன்ஷிப்பில் எழுதி வைத்தால் நடக்காத காரியம் கிடையாது. குழாய் ஒழுகினால் எழுத வேண்டும், தாழ்ப்பாள் உடைந்தால் எழுத வேண்டும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் எழுத வேண்டும். பிளாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு மெயின்டனன்ஸ் ஆபீஸ், அதில் ஒரு தடித்த ரிஜிஸ்டர், நூலில் கட்டிய ஒரு பேனா. குவார்ட்டர்ஸ் நம்பரைப் போட்டு, குறையை எழுதிவிட்டு வந்தால், என்றைக்காவது ஒருநாள் ஆள் வந்து நிற்பார். மற்ற ஊர்க்காரர்கள் சாமியிடம் சொல்லி அழுவதையெல்லாம் நாங்கள் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தோம்.

எங்கள் வீட்டில் அந்த வேலை நான்காம் வகுப்பிலிருந்தே என்னுடையது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று அப்பாவே என்னை அனுப்புவார். இதில் எனக்கென்று ஒரு தொழில் ரகசியமும் உண்டு. ‘குழாய் சொட்டுகிறது’ என்று எழுதினால் பதினைந்து நாள் ஆகும். ‘வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது’ என்று எழுதினால் மூன்றாம் நாளே ஆள் வந்துவிடுவார். வந்தவர் சொட்டுகிற குழாயைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சித்தப்பா சீக்கிரம் வந்துவிடுவார், அதுவரைக்கும் சித்தி இங்கே இருப்பாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கென்ன, கொண்டாட்டம்தான். ராத்திரி ஹாலில் நானும் சித்தியும் ஒரே பாயில் படுப்போம். அவள் சொல்லும் பேய்க்கதைகளில் பேய்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளாக இருக்கும்.

ஆனால் இரண்டே அறை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் தூங்கியாக வேண்டும். சித்தியோ சும்மா உட்கார மாட்டாள், எதையாவது இடித்துக்கொண்டோ வறுத்துக்கொண்டோ இருப்பாள். ஒருநாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம், “உன் தங்கச்சி இன்னும் எத்தனை மாசத்துக்கு?” என்று தணிந்த குரலில் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. சித்திக்கும் விழுந்தது. அவள் உலக்கையை நிறுத்திவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

நான் உடனே கணக்குப் போட்டேன். சித்தி சம்பாதித்தால் அப்பாவுக்குக் கோபம் போய்விடும். கோபம் போய்விட்டால் சித்தி எப்போதும் எங்களோடேயே இருப்பாள். ஐந்தாம் வகுப்பில் என்னை விடக் கெட்டிக்காரி யாரும் கிடையாது.

சித்தி சம்பாதிக்கக் கண்டுபிடித்த வழி பிரண்டைத் தொக்கு. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கம்பி வேலி முழுக்கப் பிரண்டை கொடியாக ஏறிக் கிடந்தது. யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை, ஏறெடுத்துப் பார்த்ததும் இல்லை. சித்தி மட்டும் நுனியை ஒடித்துப் பார்த்து, “ஏன்க்கா, இவ்ளோத்தையும் பாத்துகினு கடையில போயி ஊறுகா வாங்கறீங்களே, உங்களை என்னன்னு சொல்றது!” என்று அம்மாவைக் கேலி செய்தாள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கிள்ளுவாள், இல்லாவிட்டால் அரிப்பு ஆளைக் கொன்றுவிடும். எந்தக் கொடியிலும் அடியில் இரண்டு கணுவை விட்டுத்தான் கிள்ளுவாள். நாரை உரித்து, எண்ணெயில் வதக்கி, புளியும் மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்துச் சுண்ட வைத்தால், அடேயப்பா, பிரண்டை என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற நானே வெறும் தொக்கை வழித்துத் தின்றேன்.

பண்ருட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒருவருக்கு அம்மா மூலமாக ஒரு பாட்டில் போனது. அவர் சொல்லி அனுப்பினார்: “முப்பது பாட்டில் போட்டுக் குடும்மா. சனிக்கிழமை கடையில வச்சுப் பாக்கறேன். போச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கறேன்.” அன்றைக்குச் சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல். “இது மட்டும் நெலச்சு நின்னுச்சுன்னா போதும்க்கா,” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஏனோ கண் கலங்கியது.

ஐப்பசி மழைக்குப் பிரண்டை தளதளவென்று துளிர்த்திருந்தது. தொல்லை என்னவென்றால், வேலிக்கு முன்னால் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல முள். ஒரு பக்கமாகத்தான் கை போகும். முதல் நாளே சித்தியின் முழங்கை வரை கீறல். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. திங்கள்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆபீசுக்குள் நுழைந்தேன். முள்ளை மட்டும் வெட்டுங்கள் என்று எழுதினால் பதினைந்து நாள் ஆகிவிடுமே! ஆகவே என் வழக்கப்படி எழுதினேன்: ‘பின்பக்க வேலியில் பயங்கரமான புதர். பாம்புகள் வருகின்றன. குழந்தைகள் இருக்கிறோம். வேலி முழுவதும் உடனே சுத்தம் செய்யவும்.’ ‘முழுவதும்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்தியை அசத்திவிடலாம் என்று இருந்தேன்.

யாரோ பெரிய அதிகாரி அந்த வாரம் பிளாக்கைப் பார்வையிட வருவதாக இருந்ததாம். அது எனக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வேலி முழுவதும் சுத்தமாக இருந்தது. முள் இல்லை. பிரண்டையும் இல்லை. வெறும் கம்பி. அதற்கு இந்தப் பக்கம் சித்தி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தூங்கும் அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அரைக்கிற வேலையைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் முடித்துக்கொண்டு, சாயங்காலம் கிள்ளலாம் என்று வந்திருக்கிறாள்.

சித்தி அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கிண்ணத்தை என் கையில் திணித்து, “வெட்டினதை அள்ளிகினு போன டிராக்டர் எந்தப் பக்கம் போச்சு?” என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். எண்ணெய் சிந்தச் சிந்த நானும் பின்னால் ஓடினேன்.

பிளாக் கடைசியில் ஒரு வெட்டவெளி. வெட்டியதையெல்லாம் அங்கே கொட்டிக் குவித்திருந்தார்கள், காய்ந்ததும் கொளுத்திவிடுவார்களாம். கன்ட்ராக்டில் புதர் வெட்ட வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் காடாம்புலியூரிலிருந்து வருகிற அம்மா ஒருத்தி மட்டும் குவியலில் குனிந்து பிரண்டையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். சித்தி மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றாள்.

“யக்கா, அது எனக்கு வேணுங்க.”

“எம்மா, ஒரு வேளை தொவையலுக்கு எடுத்தேன். இதுக்கா இப்படி ஓடியார? மலையாட்டம் கெடக்குது பாரு, அள்ளிகினு போ!”

சித்தி விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை முப்பது பாட்டில், இது தவறினால் பாய் இன்னொரு தடவை கேட்க மாட்டார் என்றாள். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு பஸ்ஸுக்குப் போன பெண்களைப் பார்த்து, “ஏய், அடுத்த பஸ்ஸுல போவலாம், வாங்கடி!” என்று ஒரு சத்தம் போட்டாள். வெட்டிப் போட்டது இன்னும் வாடியிருக்கவில்லை. எல்லோரும் என் கிண்ணத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுக் கையில் தடவிக்கொண்டு குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். துளிர் ஒரு பக்கம், முற்றல் ஒரு பக்கம். இருட்டுவதற்குள் மூன்று மூட்டை. சித்தி ஒற்றை ஆளாய் முள்ளுக்குள் கைவிட்டுக் கிள்ளியிருந்தால் அதில் பாதிகூடத் தேறியிருக்காது.

“எத்தினி வேலியில இப்படி வெட்டி எரிக்கிறீங்க?” என்று சித்தி கேட்டாள்.

“டவுன்ஷிப் பூரா நாங்கதான வெட்டறோம். இது எங்கெங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாமலா?”

“இனிமே எரிக்காதீங்க. கிள்ளிக் குடுங்க. கிள்றதுக்குக் கூலி தனி, விக்கறதுல ஆளுக்கு ஒரு பங்கு. வேலை இல்லாத நாள்ல வந்து வதக்கவும் செய்யலாம்.”

சொன்னவளிடம் அன்றைக்கு ஒரு பாட்டில் விற்ற வரவுகூடக் கிடையாது. ஆனால் சொன்ன தோரணையைப் பார்த்தால் பத்துக் கடைக்கு முதலாளி என்று நினைக்கத் தோன்றும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். போகும்போது, “முத்தலைத் தூக்கிப் போட்டுடாத. கணு கணுவா வெட்டி வேலியோரமா நட்டுடு. அடுத்த மழைக்குப் பாரு,” என்றாள். மறுநாள் விடியற்காலையில் சித்தி என்னை எழுப்பி அழைத்துப் போய், வேலி நீளத்துக்கும் நட்டாள். நான் குழி தோண்டினேன். அப்படித் தோண்டியதில் என் பாவம் பாதி கழிந்ததாக எனக்கு நிம்மதி.

மீதிப் பாவம் அன்று மத்தியானம் மாட்டிக்கொண்டது. இனிமேல் வேலியைச் சுத்தம் செய்யும்போது பிரண்டையை விட்டுவிடச் சொல்ல வேண்டும் என்று சித்தி ஆபீசுக்குக் கிளம்பினாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் வயிற்றுவலி என்று சொல்லி வாசலோடு நின்றுகொண்டேன். உள்ளே ரிஜிஸ்டரைப் புரட்டுகிற சத்தம். பிறகு சித்தி வெளியே வந்தாள்.

“யாரோ எழுதியிருக்காங்க பாப்பா,” என்றாள். “எழுத்து மட்டும் ரொம்ப அழகா இருக்குது.”

“யாரா இருக்கும் சித்தி?” என்று கேட்டேன் நான். அந்தக் கேள்வியை எவ்வளவு இயல்பாகக் கேட்டுவிட்டேன் என்று பல நாள் எனக்கு என்மேல் பெருமை.

முப்பது பாட்டிலும் சனிக்கிழமை பண்ருட்டிக்குப் போனது. பாய் அடுத்த மாதமும் கேட்டார், அதற்கடுத்த மாதமும் கேட்டார். காடாம்புலியூர் அம்மாவும் அவள் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து நார் உரித்தார்கள். அப்பாவே தொக்கைத் தொட்டுக்கொண்டு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். என் கணக்கு சரியாகிவிட்டது, சித்தி இனி எங்கேயும் போக மாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

தை மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சித்தியின் துணிகள் பையில் இருந்தன. காடாம்புலியூரில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, பின்னால் அடுப்பு போட ஒரு கொட்டகை, எல்லாம் பேசி முடித்துவிட்டாளாம். “எதுக்கும்மா அவசரம், இங்கயே இரேன்,” என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். மனதாரத்தான் சொன்னார். “இல்ல மாமா, இருக்கட்டும்,” என்று சித்தி சிரித்தாள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளுக்காகப் பாத்திரங்களை எடுத்து வைத்தாள்.

எனக்குத்தான் காரணம் தெரியுமே! ஓடிப்போய்ச் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நான்தான் எழுதினேன் சித்தி, இனிமே சத்தியமா எழுத மாட்டேன், போகாத,” என்று கத்தி அழுதேன். அப்பாவும் அம்மாவும் ஒன்றும் விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்தி உட்கார்ந்து என் முகத்தைத் துடைத்தாள். “லூசு, உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். அதுக்கெல்லாம் யாராவது கோச்சுக்குவாங்களா?” என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது, ஆனால் நான் அதுவரை பார்த்தேயிராத மாதிரி சந்தோஷமாக இருந்தாள். கோபமே இல்லை என்றால் அப்புறம் எதற்காகப் போக வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் கூடவே நடந்தேன்.