நான்கு சைக்கிளுக்கு ஒரு கேரியர்

2007 ஆகஸ்ட், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கம்பம் சாலையில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்கு மூன்று கிலோமீட்டர். பழைய ஜீப்பை ஓட்டியவள் என் மனைவி செல்வி. பக்கவாதம் வந்து என் இடது கையும் காலும் பாதி செயலிழந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகுதான் அவள் வண்டி ஓட்டக் கற்றாள்.

உத்தமபாளையத்துக்கு அப்பால் வாய்க்கால் கரையில் குடும்பத்தோடு சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் மகள்கள் கவிதாவுக்கும் மீனாவுக்கும் வெகுநாள் ஆசை. சைக்கிள்களை ஜீப்பில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கத்தான் பட்டறைக்கு வந்தோம்.

வெல்டர் பாண்டி மூன்று வழி சொன்னார். கூரைமேல் கேரியர் வைக்கலாம். பின்கதவில் பெல்ட் போட்டுத் தொங்கவிடலாம். டிரெய்லர் இழுக்கும் கொக்கியில் பைப்பு ஸ்டாண்டு மாட்டலாம்.

“கூரையில வச்சா செலவு கம்மிண்ணே. ஆனா தலைக்கு மேல தூக்கணும்.”

“அவுகளால தூக்க முடியாது” என்றாள் செல்வி.

முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றேன்.

பின்கதவில் தொங்கவிட்டால் தகடு நசுங்கும், கதவையும் திறக்க முடியாது என்றார் பாண்டி. கொக்கியில் மாட்டும் ஸ்டாண்டு முழங்கால் உயரம்தான் வரும். அதையே முடிவுசெய்தோம்.

“எத்தன சைக்கிளு?”

“மூணு” என்றேன் நான்.

“நாலு” என்றாள் செல்வி.

பாண்டி எங்களை மாறிமாறிப் பார்த்தார். “நாலுன்னா வெயிட்டு ஜாஸ்தி. கொக்கி மட்டும் தாங்காது. வண்டிக்கு அடியில சேசிஸ்ல இருந்து ரெண்டு பைப்பு முட்டுக் குடுக்கணும்.”

“மூணே போதும்ப்பா. நான் ஓட்டப் போறதில்ல.”

செல்வி என் பக்கம் திரும்பினாள். “ஓட்ட முடியலேன்னா உருட்டிக்கிட்டு வாங்க. ஒங்க சைக்கிள வீட்டுல போட்டுட்டு நான் வர மாட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முட்டுக் குடுங்க தம்பி” என்றாள்.

இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாதபடி பைப்பை வளைத்து, மாலை நான்கு மணிக்குக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வீரபாண்டி தாண்டியதும் மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்தது. சின்னமனூரில் நிறுத்திப் பார்த்தோம். சைக்கிள்களைக் கட்டியிருந்த பெல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. செல்வி இறுக்க, நான் வலக்கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். உத்தமபாளையம் வந்தபோது ஏழேகால். தேனியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்.

வாய்க்கால் கரையில் இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள். நான் கொஞ்சதூரம் உருட்டினேன். பிறகு இடக்கை விரல்களை வலக்கையால் மடக்கி ஹேண்டில்பாரில் வைத்துவிட்டு ஏறினேன். இடதுகால் பெடலிலிருந்து இரண்டு முறை வழுக்கியது. செல்வி தன் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பின்னாலேயே ஓடிவந்தாள், ஆனால் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன். எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்தது.

“யோவ்! நடுவுலயே வார? கண்ணு தெரியல? ஒதுங்குய்யா!” என்று கத்தினார் வண்டிக்காரர்.

செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். வண்டி முனகிக்கொண்டே கடந்துபோயிற்று.

பதினொன்றரைக்கு வீடு திரும்பினோம். நான் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்தினார். “மெதுவா சார், பாத்து” என்றார். என் தெருவில் எல்லோருமே அப்படித்தான், அன்பில்தான் செய்கிறார்கள். வாய்க்கால் கரை வண்டிக்காரருக்கு மட்டும் நான், வழியை அடைத்துக்கொண்டு வந்த ஒரு சைக்கிள்காரன்.