மார்சேல்ஸில் நான்கு நாட்கள்

"அந்த ஊர்ல நாலு நாள் தனியா இருந்தீங்களாமே. என்ன சாப்பிட்டீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமி கேட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பவுனம்மாளின் மகள் புஷ்பவல்லிக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லாத பெண் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இன்னொன்று வராது என்று பவுனம்மாளுக்குத் தெரியும்.

கணவர் தண்டவாள வேலை பார்த்தவர். குளிர்காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் அவள் ஓர் எஞ்சினியர் துரை வீட்டில் ஆயா. 1926-இல் துரை லீவில் ஊருக்குப் போனபோது, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள அவளையும் கப்பலேற்றினார். மார்சேல்ஸில் இறங்கித் துரை குடும்பம் லண்டனுக்கு ரயில் பிடித்தது. பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு வெள்ளைக்காரத் தாதி வந்திருந்தாள். பவுனம்மாள் திரும்ப வேண்டிய கப்பலுக்கு நான்கு நாள் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய விடுதியில் அவளுக்கு ஓர் அறை.

முதல் நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தூக்கப் பிள்ளை இல்லாமல் கைகள் வெறுமனே கிடந்தன. மறுநாள் காலை கௌஸ் கதவைத் தட்டினார். நாகூர்க்காரர், கப்பலில் சமையல் வேலை. அவரும் திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்தார்.

"யக்கா, பிரான்சுக்கு வந்து சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கிறது? கெளம்புங்க."

துறைமுகத்தின் வாயில் கரைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கோபுரங்கள் நின்றன. உச்சியில் ஒரு பாலம். அதிலிருந்து கம்பிகளில் ஒரு மேடை தொங்கிக்கொண்டு, ஆட்களையும் குதிரை வண்டிகளையும் அக்கரைக்குக் கொண்டுபோனது.

"தூளி கட்டி வச்சிருக்கான்" என்றாள் பவுனம்மாள். போவதும் வருவதுமாக ஆறு தடவை அதில் ஏறினாள். ஏழாவது தடவைக்கு கௌஸ் வரமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மலைமேலிருந்த மாதா கோயிலில் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. கடலில் உயிர் பிழைத்தவர்களின் நேர்த்திக்கடன் என்றார் கௌஸ். பவுனம்மாள் துரைசாணி கொடுத்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டாள். வெளியே வந்தபோது சப்பாத்து இல்லை.

"இங்க யாரு கழட்டுறா? வேணாம்னு போட்டதா நெனச்சு எவளோ மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

"போறா, அவளுக்காச்சும் சரியா இருக்கட்டும். எனக்கு விரலக் கடிச்சுது."

அதன்பிறகு கப்பலேறும்வரை அந்த ஊரில் வெறுங்காலோடுதான் நடந்தாள். காலைக் குளிரில் கல்தரை சில்லென்று இருந்தது. அது பிடித்திருந்தது.

படகுகள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு கிழவி கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டு, எண்ணெயில் பொரித்துக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். மேலே வெறும் உப்பு.

"கொஞ்சம் மொளகாயும் பெருங்காயமும் சேத்தா எங்கயோ போயிடும்."

"அந்தம்மாகிட்டயே சொல்லுங்களேன்."

சொன்னாள், தமிழிலேயே, கையை ஆட்டி. கிழவி சிரித்து இன்னும் இரண்டு வில்லை வைத்தாள். பக்கத்துக் கூடையில் சிப்பியைத் திறந்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள்.

"யக்கா, அது இன்னும் சாவல."

"நான் கண்ண மூடிக்கிறேன்."

விழுங்கினாள். கடலே தொண்டைக்குள் இறங்கிய மாதிரி இருந்தது. இன்னொன்று கேட்டாள்.

ஊர் திரும்பி இரண்டு வருடமாக, சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பொதுக் குழாயடியில் இதையெல்லாம் சொன்னாள். புஷ்பவல்லி குடம் நிரம்பிய பிறகும் நகரமாட்டாள். குழாயடியில் சொன்னது ரயிலேறிக் கிள்ளானுக்கும் போயிருக்கிறது.

"சிப்பியப் பச்சையாத் தின்னீங்களாம். கூட ஒரு ஆம்பள சுத்திக் காட்டினானாம். எங்க பக்கம் பேசிக்கிறாங்க" என்றாள் தனலெட்சுமி. அவள் கணவர் ரெங்கசாமி கூரையைப் பார்த்தார்.

"குழாயடியில சும்மா வேடிக்கைக்குக் கதை விட்டது, அக்கா. ரூம விட்டு நான் வெளிய வரல. கையோட கொண்டுபோன அரிசியக் கஞ்சி வச்சுக் குடிச்சேன். சன்னலக்கூடத் தொறக்கல."

காப்பியோடு வந்த புஷ்பவல்லி நின்றுவிட்டாள். அம்மாவையே பார்த்தாள்.

"என்னடி நிக்கிற? ஆறுது, குடு" என்றாள் பவுனம்மாள்.

தை மாதம் கிள்ளானில் கல்யாணம் நடந்தது. ரெங்கசாமி வந்தவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிச் சொன்னார்: "நம்ம சம்மந்தியம்மா. மார்சேல்ஸ் வரைக்கும் போனவங்க. ஒண்ணையும் பாக்கல, ஒண்ணையும் தொடல."

"அதான் குடும்பத்துப் பொம்பள" என்றார் ஒருவர். பவுனம்மாள் கும்பிட்டாள்.

1930-இல் துரைக்கு மறுபடியும் லீவு வந்தது. மூன்றாவது பிள்ளை கைக்குழந்தை. பவுனம்மாள் வந்தால் நல்லது, இந்தத் தடவையும் மார்சேல்ஸ் வழிதான் என்று துரைசாணி சொன்னாள்.

பவுனம்மாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். கடல் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றாள்.

போன தடவை கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்துப் படுத்தபோது நின்றுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். துரைசாணிக்கு அது நினைவிருந்தது. ஆனாலும் வற்புறுத்தவில்லை.