இருபத்தொன்பது சதுரங்கள்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரான செங்கலில் இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வெயில் லேசாக வந்திருந்தது. என் கணினித் திரையில் இடப்பக்கம் 1,316 சதுரங்கள், வலப்பக்கம் 1,287. இரண்டு முறை எண்ணினேன். இருபத்தொன்பது வித்தியாசம்.

எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஓய்வுக்குப் பிறகு, திருவனந்தபுரத்தில் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சிப் வரைந்து கொடுத்தேன். இரண்டு வருடமாக ஒரே வேலை, ஒரு மிக்சர் சுற்று. வெளியிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலையோடு, சிப்புக்குள் ஓடும் இன்னொரு அலையைக் கலந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் அது தர வேண்டும். இருபத்திரண்டு கிகாஹெர்ட்ஸ் முதல் நாற்பத்துநான்கு வரை. அதற்கு இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஓடும் அலை வெளியே கசியும்.

சிப் செய்யும் ஆலைக்குக் காலி இடம் ஆகாது. பரப்பு மேடு பள்ளமாகிவிடும் என்று, காலி இடத்தையெல்லாம் சிறு உலோகச் சதுரங்களால் நிரப்பச் சொல்வார்கள். மென்பொருள் தானாகவே நிரப்பிவிடும். என் சுற்றையும் நிரப்பியிருந்தது, இடம் வலம் பார்க்காமல்.

கம்பெனியை நடத்தும் பெண்ணைக் கூப்பிட்டேன். ஆரியங்கோட்டுக்காரி, நாற்பது வயது, கெட்டிக்காரி.

“சாரே, இருந்து எண்ணினியளா? ஸ்கிரிப்ட் எழுதினா ரெண்டு செகண்டு.”

“ஸ்கிரிப்ட் எத்தனைன்னு சொல்லும். எங்க கெடக்குன்னு பாக்குமா மக்கா?”

“எல்லா சிப்லயும் இப்படித்தான் போடுதோம். இதுவரை ஒண்ணும் ஆவல்ல.”

“அதெல்லாம் கணக்குப் போடுத சிப்பு. இதுல அலையாக்கும் ஓடுது.”

“வெள்ளிக்கிழம ஆலைக்கு ஃபைல் போகணும். நீங்க சம்மதிக்கல்லேன்னா வெளிய வாங்கின மிக்சர வச்சிருவேன். அது நாப்பத்துநாலு வரை எடுக்காது, ஆனா ஓடும்.”

இரண்டு வருட உழைப்பு வெளியே போகும். போகட்டும், கோணலாக ஒன்றுக்கு நான் சம்மதம் தர மாட்டேன்.

“கையால நெறச்சுத் தாறேன்,” என்றேன்.

“ஒங்க கையவிட டூலத்தான் நான் நம்புவேன், சாரே.”

“அப்பம் டூல் நெறச்சது, நான் நெறச்சது, ரெண்டயும் வையி. அளந்து பாப்போம்.”

“ரெண்டாவதுக்கு சிப்புல இடம் வேணும். சதுர மில்லிமீட்டர் கணக்குல காசாக்கும். யாரு தருவா?”

“நான் தாறேன்.”

மூன்று நாள் உட்கார்ந்தேன். 2,603 சதுரங்களையும் அழித்தேன். இடப்பக்கம் ஒவ்வொன்றாக 1,300 வைத்தேன். அதை அப்படியே வலப்பக்கம் புரட்டிப் போட்டேன். ஆலையின் விதிக்கு அது போதும்.

பால் சேர்க்காத கட்டன்காப்பியோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள். “கண் ஆபரேஷன் கழிஞ்சு ஒரு மாசங்கூட ஆவல்ல. காசு குடுத்து வேல செய்யுத ஆள இப்பந்தான் பாக்கேன்.”

“முப்பத்தேழு நாள் ஆச்சு,” என்றேன்.

டிசம்பரில் சிப் வந்தது. பாறசாலையில் ரயிலேறிப் போனேன். லேபில் அவளே இரண்டு மிக்சரையும் அளந்தாள். முப்பத்தொரு கிகாஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

“பாத்தியளா? ஒரு வித்தியாசமும் இல்ல,” என்று நிறுத்தப் போனாள்.

“கையெடு மக்கா. நாப்பத்துநாலு வரைன்னு எழுதினது யாரு? நீயாக்கும்.”

முப்பத்தாறில் கோடுகள் பிரிந்தன. நாற்பத்துநான்கில், மென்பொருள் நிரப்பியது என்னுடையதைவிடப் பதினோரு டெசிபல் அதிகம் கசிந்தது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அவள் மறுபடி அளந்தாள். மறுபடியும் பதினொன்று.

“இருபத்தொம்பது சதுரமா இத செய்தது?”

“அது கெடந்த எடம்.”

“காச நான் திருப்பித் தாறேன், சாரே,” என்றாள்.

வேண்டாம் என்றேன். வாங்கினால் அது கம்பெனி செய்த பரிசோதனை ஆகிவிடும். அவள் நம்பாத என் கைக்கு நான் காசு கொடுத்து வாங்கிய இடம் அது. என் பெயரிலேயே இருக்கட்டும்.

அரை சதுர மில்லிமீட்டர் சிலிக்கன், வரி, போக வர ரயில் டிக்கெட் அறுபது ரூபாய், எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.