சுவத்துக்குள்ள நான் பூசின முகம்

பேய், பிசாசு, சாமி வந்துச்சுன்னு எவனாவது ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுற ஆளு. முப்பது வருஷமா ரங்கூன்ல கதவு செஞ்சு மாட்டுறவன். கதவு தானாத் தொறக்குதுன்னு கூப்பிட்ட வீட்ல எல்லாம் கீலுதான் கோணலா இருந்திருக்கு. அத நிமித்திக் குடுத்துட்டு, டீ குடிச்சுட்டு வந்திருக்கேன். நீங்க சென்னையில இருந்து வந்தவரு, இப்ப சொல்லப் போறத நம்பலைன்னா எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

போன மழைக்காலம். ஸ்ட்ராண்ட் ரோட்டுப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் ஆபீஸ் ஒண்ண இடிச்சாங்க. தேக்குக் கதவெல்லாம் எனக்குன்னு ஏற்கெனவே பேசி வச்சிருந்தேன். எடுக்கப் போனப்ப வாசலுக்கு மேல ஒரு கல்லுத் தலை இருந்துச்சு. ஒரே தலை, முன்னாடி ஒரு முகம், பின்னாடி ஒரு முகம். முன்னாடி மழிச்ச இளவட்ட முகம். பின்னாடி தாடி வச்ச கிழவன் முகம், எறக்குறப்ப அதுல மூக்கு ஒடைஞ்சு போச்சு. நல்ல கல்லு, விட மனசு வரல. ரெண்டு ஆளு சேந்து தூக்கி சைக்கார்ல, அதான் எங்க ஊரு சைக்கிள் ரிக்ஷா, அதுல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன்.

எங்க கட்டடத்துல கீழ் வீட்டுல ஊ செபஸ்தியான் இருக்காரு. தமிழ்க் கிறிஸ்தவர்தான், ஆனா பெரியவங்கன்னா பர்மாக்காரங்க மாதிரி ஊ போட்டுத்தான் எங்க தெருவுல கூப்பிடுவோம். வயசுல சாமியாருக்குப் படிச்சுப் பாதியில வந்தவரு, லத்தீன் எல்லாம் தெரியும். தலையப் பாத்ததும் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, "முருகேசு, இது யானுஸ்ப்பா"ன்னாரு.

"யாரு?"

"ரோமாபுரிக்காரங்க சாமி. அந்தக் காலத்துல எந்தப் பூசைன்னாலும் மொதல்ல இவர் பேரச் சொல்லிட்டுத்தான் மத்த சாமியக் கூப்பிடுவாங்க, உங்க பிள்ளையார் மாதிரி. வாசலுக்கெல்லாம் இவர்தான் அதிபதி. ஒரு முகம் உள்ள பாக்கும், ஒரு முகம் வெளிய பாக்கும். ரெண்டுல எந்த முகத்தையும் மறைச்சிராத."

"கதவுக்கு அதிபதி நான்தான் ஊ"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு மேல போயிட்டேன். அவ்வளவு திமிரு எனக்கு.

என் வீட்டுக்காரி செல்வி அப்ப கோயிலுக்குப் போயிருந்தா. மூளியான செலைய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு அவ ஒரே பிடிவாதம் பிடிப்பா, உங்க ஊர்லயும் அப்படித்தானே. அதனால என்ன செஞ்சேன், அவ வர்றதுக்குள்ள கூடத்துச் சுவத்துல மாடம் வெட்டி, ஒடைஞ்ச மூஞ்சி உள்ள போற மாதிரி காதுவரைக்கும் சிமெண்டு வச்சுப் பூசிட்டேன். வெளிய இளவட்ட முகம் மட்டும்தான் தெரியும். சாமின்னா முதுகு சுவத்தப் பாத்துத்தானே இருக்கும், அவளுக்குச் சந்தேகமே வரல. ஏதோ காவல் தெய்வம்னு குங்குமம் வச்சு வெளக்கேத்துனா. பின்னாடி இன்னொரு மூஞ்சி இருக்குன்னு நான் மூச்சு விடல.

மறுநாள்ல இருந்து எங்க கதவு வெளியில இருந்து தொறக்கல. நம்புனா நம்புங்க. உள்ள இருந்து ஒத்த விரலால இழுத்தா வருது. வெளிய நின்னு சாவியத் திருப்புனா டக்குனு சத்தம் கேக்குது, கதவு மட்டும் அசையல. நானே செஞ்ச தேக்குக் கதவுய்யா! கீல மாத்துனேன், ஓரத்த இழைச்சேன், கடைசியில பூட்டையே கழட்டி எறிஞ்சேன். பூட்டு இருந்த எடத்துல ஓட்டைதான் பாக்கி, அப்பவும் தொறக்கல. ஊருக்கெல்லாம் கதவு மாட்டுறவன் சொந்த வீட்டுக்குள்ள போக முடியல, மானம் போச்சு.

எங்க ஊர்ல மாடிக்கு மாடி ஒரு கயிறு தொங்கும், பாத்திருப்பீங்க. கீழ இருந்து இழுத்தா மேல மணி அடிக்கும், பேப்பர், சாவி எல்லாம் அதுல கிளிப்பு போட்டு ஏத்தி எறக்குவோம். ஒரு வாரமா நான் கயித்த இழுக்குறது, செல்வி வந்து கதவத் தொறக்குறது, இப்படித்தான் ஓடுச்சு. கேலி வேற பண்ணுவா, "பெரிய மேஸ்திரி வந்துட்டாரு"ன்னு.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து கயித்த இழுக்குறேன், மணி அடிக்குது, ஆள் வரல. மூணு மாடி ஏறி, பூட்டு இருந்த ஓட்டையில கண்ண வச்சுப் பாத்தேன். அடுப்படித் தரையில செல்வியோட ரெண்டு காலு. அசைவே இல்ல.

அவளுக்குச் சக்கர நோயி. மாத்திரையப் போட்டுட்டு விரதம்னு சாப்பிடாம கெடந்திருக்கா. முன்னாடி ஒருக்கா அப்படி ஆனப்ப டாக்டர் சொன்னாரு, சட்டுனு இனிப்பு குடுக்கலைன்னா உசுருக்கே ஆபத்துன்னு. நான் தோளால இடிச்சேன், ஒதைச்சேன், ஓட்டையில விரல விட்டு ஆட்டுனேன். ம்ஹூம். கடப்பாரை வாங்கலாம்னு கீழ ஓடுனேன். ஊ செபஸ்தியான் உள்ள போயி தேடுறாரு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்ன தோணுச்சோ, கயித்தப் புடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல நின்னு மேல பாத்துக் கத்துனேன்.

"யோவ்! உன்னைச் சுவத்துக்குள்ள பூசுனது நான்தான்யா, அவ என்ன பண்ணா? கதவத் தொற! இன்னைக்கே உன்ன வாசல்ல வைக்கிறேன்!"

கத்திட்டு இழுத்தேன், மணி அடிச்சுது. அப்புறம் மேல இருந்து கயிறு இழுத்துச்சு. ரெண்டு தடவ. என் உள்ளங்கையில உரசிக்கிட்டுப் போச்சு.

செல்விதான் எந்திரிச்சுட்டான்னு நெனச்சு ஓடுனேன். கதவு விரியத் தொறந்து கெடக்கு. அவ அதே எடத்துல, அப்படியேதான் படுத்திருந்தா. ஆனா கண்ணு தொறந்திருந்துச்சு, ஒதட்டுல கருப்பட்டித் துண்டு கரையுது. தாடையில சாம்பல் நெறத்துல என்னமோ ஒட்டியிருக்கு, தொட்டுப் பாத்தேன், சிமெண்டுத் தூளு. அவள மடியில போட்டுக்கிட்டு சின்னப்பிள்ள மாதிரி அழுதேன், அதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல.

கொஞ்சம் தெளிஞ்சதும் கேட்டா, "என்னங்க, அந்தப் பெரியவர் போயிட்டாரா?"

"எந்தப் பெரியவர்?"

"கருப்பட்டி ஊட்டுனாரே, தாடிக்காரரு. பாவம், மூக்குல அடிபட்டிருக்கு அவருக்கு."

திரும்பி மாடத்தப் பாத்தேன். தலை வச்ச எடத்துல அப்படியே இருக்கு, சிமெண்டுல ஒரு கீறல் கெடையாது.

சொன்ன சொல்லு தவறல. அன்னைக்குச் சாயங்காலமே உளி வச்சு எடுத்து, கதவுக்கு மேல ஒரு முகம் உள்ள, ஒரு முகம் வெளியன்னு நிறுத்தினேன். செல்வி அப்பத்தான் அந்த ரெண்டாவது முகத்தப் பாத்தா. "இவர்தாங்க"ன்னா. மூளின்னு ஒரு வார்த்தை சொல்லல, ஸ்டூல் போட்டு ஏறி அவளே அந்த ஒடைஞ்ச மூக்குக்கு மேல குங்குமம் வச்சா. இன்னைக்கு வரைக்கும் கதவு சுகமாத் தொறக்குது. ஆபத்துல மயக்கத்துல எதையோ கண்டிருப்பான்னு நீங்க சொல்லலாம், ஊ செபஸ்தியான்கூட ஜெபம் பண்ணிட்டு அப்படித்தான் சொன்னாரு. சொல்லிக்கங்க.

ஆனா ஒண்ணு மட்டும் செல்விகிட்ட இன்னும் நான் காட்டல. மாடத்துல இருந்து பேத்தெடுத்த சிமெண்டுப் பாளம் என் கட்டிலுக்கு அடியில சாக்குல சுத்திக் கெடக்கு. ஈரச் சிமெண்டுல மூஞ்சிய அழுத்திப் பூசுனா மூஞ்சி அச்சுதான விழணும்? கண்ணு, ஒடைஞ்ச மூக்கு, தாடி. நானே என் கையால அழுத்துனது, ஒரு வாரமாக் கல்லு மாதிரி எறுகிக் கெடந்தது. எடுத்துப் பாத்தா அதுல இருக்குறது ஒரு கன்னமும் ஒரு காதும்தான். வாசல் பக்கம் மணிச் சத்தம் கேட்டு மனுசன் மூஞ்சியத் திருப்புனா எப்படி இருக்குமோ, அப்படி.