வலது கையில் மழை

பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் ஆறு வருடம் டெஸ்டராக இருந்தேன். கேம் வெளியாவதற்கு முன் அதில் என்ன கோளாறு இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. ஒரே சுவரில் நாள் முழுக்க மோதிக்கொண்டே போவேன், எங்காவது உடம்பு சுவருக்குள் புகுந்துவிடுகிறதா என்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் எங்கள் குழு மொத்தத்துக்கும் வேலை இல்லை என்றார்கள். நான் மைக்கை ஆன் செய்து, தேங்க்யூ என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெட்டித் துணி, டிவியில் மாட்டி விளையாடும் என் பி.எஸ். ஃபைவ் கன்சோல், ஒரு கையடக்கக் கன்சோல் இவற்றோடு பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான வடகரப்பதிக்கு வந்து இறங்கினேன்.

அப்பாவுக்கு அப்போது வாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம். காலில் மெல்லத் தெம்பு திரும்பி, கைத்தடியோடு வாசல்வரை நடந்தார். கையும் அசைந்தது. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. சூடான டம்ளரைப் பிடித்திருப்பார். கொப்புளம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவரைப் பார்த்ததும் அழுதுவிடுவேன் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தவள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தேன். சின்னக் கன்சோலை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கிடப்பேன். எதையும் விளையாடுவதில்லை. தொடக்கத் திரையில் ஒரு இசை சுற்றிச் சுற்றி வரும், அது போதும்.

வாரம் இரண்டு முறை பாலக்காட்டிலிருந்து ஒரு மலையாளி பிசியோதெரபிஸ்ட் வருவாள். ஒருநாள் என் அறை வாசலில் நின்று, "அப்பாவோட கைக்கு ஏதெங்கிலும் வேலை கொடுத்துட்டே இருக்கணும் கேட்டோ. பட்டன் அமுக்கறதானாலும் மதி, அது போதும்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பெரிய கன்சோலை வரவேற்பறை டிவியில் மாட்டினேன். கையில் பிடித்து விளையாட இப்போது வரும் கன்ட்ரோலர்களில் அதிர்வு மிக நுணுக்கமானது. திரையில் தூறினால் உள்ளங்கையில் துளித்துளியாகத் தட்டும். மணலில் நடந்தால் வேறு மாதிரி, குதிரை ஓடினால் வேறு மாதிரி. அப்பாவின் இரண்டு கையிலும் அதைப் பிடிக்க வைத்தேன்.

"அப்பா, இப்ப மழ பெய்யுது. கையில ஏதாச்சும் தெரியுதுங்களா?"

வெகுநேரம் திரையையே பார்த்தார். "தெரியறாப்பல இருக்குது அம்மிணி. எறும்பு ஊர்ற மாதிரி."

"எந்தக் கையிலீங்க?"

"சோத்துக் கையிலதான்."

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு உட்கார்ந்தோம். அவர் யாரோடும் சண்டை போடமாட்டார். எதிரி வந்து வெட்டினால் செத்துப்போய் மறுபடி எழுந்து நடப்பார். ஓடை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் போவார். "இத்தன தண்ணி கெடக்குது, ஒருத்தனும் வெள்ளாம பண்ணலியே" என்பார். போர்வெல் வற்றித் தென்னைகளை இழந்தவர். "தோப்புப் பக்கம் போகமாட்டீங்கறாரு, டிவியில காடு காடாச் சுத்தறாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே போவாள். நான் பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மழை: தெரிகிறது. மணல்: லேசாக. குதிரை: நன்றாகத் தெரிகிறது.

ஒரு மாதம் கழித்து பிசியோதெரபிஸ்ட் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டாள். அப்பா சொன்ன ஒன்றுகூடச் சரியில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அப்பா வருமுன் செட்டிங்ஸுக்குப் போய் அதிர்வை முழுதாக நிறுத்தினேன். திரையில் மழை கொட்டியது.

"தெரியுதுங்களா?"

"இன்னைக்கு நல்லாத் தெரியுது அம்மிணி. பெரிய மழ."

கன்ட்ரோலரின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். செத்த பொருள்போலக் கிடந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்குக் கையில ஒண்ணுமே தெரியலம்மா. பொய் சொல்றாரு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும். மொத நாளே சொல்லிட்டாரு."

"அப்பறம் எதுக்கு இதெல்லாம்?"

"நீ ரூம உட்டு வெளிய வந்ததே அதுக்குத்தான? தெரியலன்னு சொன்னா புள்ள மறுபடி உள்ள போயிப் படுத்துக்குமுன்னாரு."

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும். நின்று பார்த்தேன். நடக்கவில்லை. உரித்த வெங்காயத்தில் நாலைந்தை அரிந்து கொடுத்தேன், அதற்குக்கூடக் கண் எரிந்ததே தவிர வேறில்லை. திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதிர்வை மறுபடி போட்டேன்.

"என்ன அம்மிணி பண்ணுன?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. போங்க, அந்தப் பாலத்தத் தாண்டிப் பாக்கலாம்."

மழைக்காலம் தொடங்கும்போது கொச்சியில் வேறொரு கம்பெனியில் அதே டெஸ்டர் வேலை கிடைத்தது. அப்பாவின் வலது கை அப்படியேதான் இருந்தது. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்தார். சின்னக் கன்சோலை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன். "பெருசு இங்கயே இருக்கட்டுங்க. போடத் தெரியுங்களா?" என்றேன். அவர் இடது கட்டைவிரலால் நடுப் பொத்தானை அமுக்கிக் காட்டினார். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறியதும் வருத்தம் வரும் என்று பாலக்காடு ஸ்டேஷன்வரை காத்திருந்தேன். பிறகு ரயில் வந்துவிட்டது.

இப்போதும் காலை பத்து மணிவாக்கில் என் போனில் பார்த்தால், வீட்டுக் கன்சோலில் என் பெயரில் யாரோ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும். போன வாரம் ஆபீஸில் பக்கத்து நாற்காலிப் பெண் அதைக் கவனித்துவிட்டு, "உங்க அக்கவுண்ட்ல வேற யாரோ ஆடறாங்களே?" என்றாள்.

"எங்கப்பா" என்றேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட சுவரிலிருந்து மறுபடி மோதத் தொடங்கினேன்.