இடது பக்கத்துப் பால்

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், உலு திராமில் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால், மகள் இடது மார்பை விட்டு நழுவித் தூங்கிப்போயிருந்தாள். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் அவள் கவ்வினால் வலியில் உயிர் போகும். இடது பக்கம் ஒன்றுமே தெரியாது.

திருமணத்துக்கு முன், சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், மார்பைப் பெரிதாக்க அதில் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டேன். கருவட்டத்தின் (காம்பைச் சுற்றியுள்ள கருமையான தோல்) ஓரமாக வெட்டி உள்ளே வைத்தார்கள். இடது பக்கம் மரத்துப்போனது. சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை.

கணவருக்கு இது தெரியும். அவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, தெரியாது. கர்ப்பப் பரிசோதனையில் தாதி கேட்டபோது மாமி பக்கத்தில் இருந்ததால், ஆப்பரேஷன் எதுவும் செய்ததில்லை என்று கூசாமல் சொன்னேன். உங்களில் யாரேனும் அப்படிச் சொல்ல நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த தாதி குழந்தையை எடை போட்டு முகம் சுளித்தார். எடை இறங்கியிருந்தது. என் இடது மார்போ கல்லாக வீங்கியிருந்தது. மாமி காஹாங் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே மலாய்க்காரப் பெண்களிடம் கற்ற துங்கு வைத்தியத்தை எடுத்தார். கல்லை அடுப்பில் சுட்டு, துணியில் சுற்றி, பிள்ளை பெற்றவளின் வயிற்றில் ஒத்தடம் கொடுப்பார்கள். மாமி அதை மார்பில் வைத்தார்.

“சுடுதாம்மா?”

“இல்ல மாமி.”

“பொய் சொல்லாத லா. என் கையே தாங்கல.”

“நெசமாவே சுடல.”

அது பொய் இல்லை. மாமி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். துணி கருகும் வாடை வந்தது. பதறிப்போய் எடுத்தபோது, காம்புக்குக் கீழே பெரிய கொப்புளம். மாமி அதைப் பார்க்கவில்லை. வலியே தெரியாத என் முகத்தையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தார். எனக்கும் என் உடம்பைக் கண்டு பயமாக இருந்தது.

அன்று மாலையே தெப்ராவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நேரடியாகக் கேட்டார்.

“மார்புல ஏதாச்சும் ஆப்பரேஷன் செஞ்சிருக்கீங்களா?”

மாமி குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றேன்.

பையால் பால் கெடாது என்றார் டாக்டர். ஆனால் வெட்டிய இடத்தில் நரம்புகளும் பால் நாளங்களும் (பால் வரும் மெல்லிய குழாய்கள்) அறுபட்டிருக்கலாம். “இடது பக்கம் எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. வலதுல குடுங்க, பத்தாததுக்கு மாவுப்பால் குடுங்க. புண்ணு ஆறினதும் இடதுல பம்ப் வைங்க. சூடு மட்டும் வேணாம். அந்த எடத்துல உங்க உடம்பு சொல்றத நம்பாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் மாமி, “எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தக் கல்லத் தொட்டிருப்பேனா?” என்று அழுதார். வெட்கம் பிடுங்கித் தின்றது, நானும் அழுதேன்.

புண் ஆறியது. மகளுக்கு எடை ஏறியது. இடது பக்கம் பம்ப் வைத்தால் சில சொட்டுகள் மட்டும் வந்தன. அது செத்துப்போனது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் மகளின் தடுப்பூசிக்குக் காத்திருந்தோம். மகள் மாமியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில் யாருடைய குழந்தையோ வீறிட்டது.

“அலமாக், சட்டையப் பாரு!” என்றார் மாமி.

குனிந்தேன். இடது பக்கம் முழுக்கப் பாலில் நனைந்து, வயிறு வரை வழிந்திருந்தது. வயிற்றில் பட்ட ஈரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முகம்கூடப் பார்க்காத ஒரு குழந்தைக்கு, என்னிடம் கேட்காமலே என் உடம்பு பதில் சொல்லியிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மாமி மகளை எழுப்பி என் இடது பக்கம் கிடத்தினார். “நீ குடு. குடிக்கிறாளான்னு நான் பாத்துச் சொல்றேன்.”

இப்போதும் அந்தப் பக்கம் அவள் விழுங்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். சத்தம் நின்றால் முடித்துவிட்டாள். காம்பை எப்போது விட்டாள் என்று தெரிய வேண்டுமானால், மாமியைத்தான் கேட்க வேண்டும்.